இவங்க எந்த மலை?

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பொரிந்து தள்ளியபோது அடுப்பில் பால் பொங்கிவிட்டது. பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

'டச் ஆஃப் ஈவில்' படத்தை வகுப்பில் போட்டார்கள், வெள்ளைக்கார நடிகர் சார்ல்டன் ஹெஸ்டன் முகத்தில் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டு மெக்சிகோக்கார அதிகாரியாக வருகிறார், 1958-ல் அது யாருக்கும் உறுத்தவில்லையா என்று கேட்டாய். இனி பழைய க்ரைம் படமே பார்க்கப் போவதில்லை என்றும் சொன்னாய். அட, சாயத்துக்கு நம் ஊரில் மட்டும் பஞ்சமா?

எனக்கு எட்டு, ஒன்பது வயது இருக்கும். காப்பிப் பழம் பறிப்பு முடிந்து கூலி கைக்கு வந்ததும், உன் தாத்தா என்னை மலையிலிருந்து இறக்கி சேலத்தில் ஒரு துப்பறியும் படத்துக்குக் கூட்டிப்போனார். தரை டிக்கெட். அவர் சட்டையில் காப்பிப் பழ வாசனை அப்படியே இருந்தது. கடத்தல்காரர்கள் மலைக்குள் ஓடுகிறார்கள், துப்பறிபவர் துரத்துகிறார். திடீரென்று இறகு சூடி, முகத்தில் கரி பூசி, ஈட்டியோடு ஒரு கூட்டம் குதித்து வந்து 'ஹோ ஹோ' என்று ஆடியது. தியேட்டரே சிரித்தது. தாத்தா சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. இடைவேளையில் முறுக்கைக் கையில் கொடுத்துவிட்டு நிஜமான சந்தேகத்தோடு கேட்டார்: "இவங்க எந்த மலை?"

சேர்வராயன் மலையில் பிறந்து வளர்ந்த மலையாளிப் பழங்குடிக்காரர் அவர், கேரளத்துக்காரர் இல்லை. அங்கே எவர் தலையிலும் இறகைப் பார்த்ததில்லை, துண்டைத்தான் பார்த்திருக்கிறார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோ இருந்ததே சேலத்திலிருந்து நம் மலைக்கு ஏறும் ஏற்காடு ரோட்டில்தான். அதன் வாசல் வளைவு இன்னும் நிற்கிறது, நீயும் பார்த்திருக்கிறாய். 1966-ல் 'வல்லவன் ஒருவன்', 1970-ல் 'சி.ஐ.டி. சங்கர்' எல்லாம் அவர்கள் எடுத்ததுதான். ஜெய்சங்கர் என்றால் எனக்கு உயிர், அதை மறைக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்துத் துப்பறியும் படங்களில் கிளப்பில் ஆடுகிறவள் ரீட்டாவாகவோ லில்லியாகவோதான் இருப்பாள். பிணத்தை முதலில் பார்த்து அலறுகிற தோட்டக்காரனுக்குப் பெயரே கிடையாது. அலறிய கையோடு அவன் வேலை முடிந்தது.

எல்லாமே அப்படி என்று சொல்லிவிடாதே. 1954-ல் வந்த 'அந்த நாள்' பார். எஸ்.பாலச்சந்தர் இயக்கியது, ஒரு பாட்டுகூட இல்லை. கொலையானவனைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள். அதில் அவனோடு பழகிய நாட்டியக்காரிக்கும் தன் பக்கத்தைச் சொல்ல ஒரு முறை வருகிறது. அந்தக் காலத்தில் எத்தனை படத்தில் அவளை உட்கார வைத்துக் கேட்டார்கள்?

நீ சொன்ன கறுப்பின நடிகர் சிட்னி பாய்டியர் படத்தையும் பார்த்துவிட்டேன், 1967-ல் வந்த 'இன் த ஹீட் ஆஃப் த நைட்'. வெள்ளைக்காரப் பண்ணையார் ஓங்கி அறைந்ததும், இவர் யோசிக்காமல் திருப்பி விட்டாரே ஒன்று! படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் படித்தால், சிறந்த நடிகர் ஆஸ்கர் கூட நடித்த ராட் ஸ்டைகருக்காம். இவர் பெயர் போட்டியிலேயே இல்லையாம். போ.

தாத்தா அன்று எழுந்து வந்துவிட்டாரா என்று கேட்பாய். வில்லன் மாட்டாமல் அவர் எழுந்திருப்பாரா? அடுத்த பறிப்பு முடிந்ததும் மறுபடி வந்தோம். பேர் போடும்போதே "இதுல நம்மாளு வர்றானா பாரு" என்று என் காதில் சொன்னார்.

அவர் கேட்டதை உன் கட்டுரையில் எழுதிக்கொள்ள வேண்டுமென்றால், சரி, எழுது. ஆனால் 'ஏற்காடு பக்கம் ஒரு பழங்குடி முதியவர்' என்று போட்டுவிடாதே. அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயதுகூட இல்லை. மலை பெயரையும் சேர்வராயன் என்று முழுசாக எழுது.

அன்புடன்,
அம்மா