நெதர்லாந்தின் ஐந்தோவனிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆச்சு. பதில் போடாததற்குக் காரணம் டச்சு வகுப்புதான். 45 வயதில் மறுபடி வீட்டுப்பாடம் எழுதுகிறேன்டீ! தமிழாசிரியை நீ, சிரிக்காமல் கேள்.

'ஏனென்றால்' என்பதற்கு இங்கே 'வந்த்', 'ஓம்தத்' என்று இரண்டு சொல். பொருளில் பெரிய வித்தியாசமில்லை, ஆனால் வாக்கியத்தையே மாற்றிவிடும். "வந்த் இக் பென் ஸீக்": ஏனென்றால் எனக்கு உடம்பு சரியில்லை. இதில் 'பென்'தான் வினை. 'ஓம்தத்' போட்டாலோ "ஓம்தத் இக் ஸீக் பென்". வினை கடைசிக்கு ஓடிவிடுகிறது. பக்கத்து இருக்கை ஸ்பெயின்காரி இதைக் கண்டு தலையில் கை வைத்தாள். எனக்கோ ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. "ஓம்தத் இக் என் ப்ரீஃப் ஸ்க்ரைஃப்" என்பதில் 'ஓம்தத்'தை எடுத்துவிடு: நான், ஒரு, கடிதம், எழுதுகிறேன். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று நீ பலகையில் எழுதுவாயே, அதேதான்! என்ன, நம்முடைய 'ஆல்' ('எழுதுவதால்' என்பதில் வருகிறதே, அது) வினையின் வாலில் ஒட்டும். இவர்களுடையது வாசலிலேயே நிற்கிறது.

சாதாரண வாக்கியத்தில்தான் மாட்டிக்கொள்கிறேன். அங்கே வினை இரண்டாம் இடத்தை விட்டு நகராது. 'நாளைக்கு' என்று தொடங்கினால் "மோர்கன் கா இக்", அதாவது 'நாளைக்குப் போகிறேன் நான்'. நான் ஒவ்வொரு முறையும் "மோர்கன் இக் கா" என்பேன். ஆசிரியை பேசாமல் இரண்டு விரலைக் காட்டுவார்.

அப்புறம் நாமும் நாங்களும் இவர்களுக்கு ஒன்றே, வெறும் 'வெய்'. "சாயங்காலம் போகிறோம்" என்று பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் சொன்னேன்; தன்னையும் அழைப்பதாக நினைத்துக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். நல்ல வேளை, காரில் இடம் இருந்தது.

அந்தப் பாட்டிக்கு எழுபதுக்கு மேல். 'நீங்கள்' என்று மரியாதையாக 'யூ' போட்டால் முகம் சுளிக்கிறார், 'யெ' என்றே கூப்பிடச் சொல்கிறார். என் அம்மா வயதுக்காரரை எப்படி நீ என்பது? தமிழென்றால் "காபி சாப்பிட்டாச்சா?" என்று நைஸாக நழுவிவிடலாம். டச்சில் எழுவாயை அப்படி விழுங்க முடியாது. அதனால் பாட்டி வந்தாலே கெட்டிலைத் தூக்கிக் காட்டி "கோஃபி?" என்கிறேன். அவரும் தலையாட்டிவிடுகிறார்.

அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? எழுது.

அன்புடன்,
விஜி