எட்டாவது ஆள் நீதான்

சுங்கை சிப்புட்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாரி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்கு மழையைச் சொல்லலாம், வேலையைச் சொல்லலாம். உண்மையான காரணம் சைக்கிள். சிரிக்காதே, முழுவதும் படி.

முதலில் ஊர்ச் செய்தி. அம்மா நலம், முழங்கால் மட்டும் முரண்டு பிடிக்கிறது. நம் தோட்டத்தில் மிஞ்சியிருந்த கடைசி லயத்து வீடுகளையும் இடித்துவிட்டார்கள். கோயிலும் அதன் வாசலில் நிற்கும் அரச மரமும் மட்டும் அப்படியே இருக்கின்றன. ரப்பர்ப் பால்மரம் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்தது உனக்குத் தெரியும். இப்போது செம்பனையில் ஒரு பகுதியும் போய், வீடமைப்புத் திட்டத்தின் பலகை நிற்கிறது. போதும், விஷயத்துக்கு வருகிறேன்.

அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் கோலாலம்பூரில் சாலையை அடைத்து நடத்தும் சைக்கிளோட்டம் ஒன்றில் ஊரிலிருந்து குழுவாகப் பதிவு செய்யப் போகிறோம். பந்தயம் இல்லை, நம்மைப் போன்றவர்களுக்கானது. காரும் லோரியும் மோட்டார் சைக்கிளும் இல்லாத நகரச் சாலை, காலை ஒன்பதரை வரை நமக்கே. எட்டுப் பேர் சேர்ந்து ஒரே பதிவாகப் பணம் கட்டினால் தலைக்குப் பத்து வெள்ளி (ரிங்கிட்) குறைகிறது. ஏழு பேர் இருக்கிறோம்.

யார் யார் என்று கேட்பாய். நான், தோட்டத்தில் ஆட்களை மேய்த்த பழைய தண்டலின் மகன், முடிதிருத்தும் கடைக்காரர், மருந்தகத்தில் வேலை பார்க்கும் பெண், பதினெட்டு பத்தொன்பது வயதில் இரண்டு பையன்கள், அப்புறம் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஆசிரியை நாற்பத்தைந்து வயதில்தான் சைக்கிள் ஓட்டவே கற்றுக்கொண்டார். எங்களில் மெதுவானவர் அவர். எங்களில் ஒழுங்காகப் பயிற்சிக்கு வருகிறவரும் அவர்தான்.

ஞாயிறுதோறும் விடியலில் கிளம்பிக் கோலகங்சார் வரை போய்த் திரும்புகிறோம். அங்கே மாவட்ட அலுவலகத்துக்கு அருகில் இருக்கும் பால்மரத்தை நினைவிருக்கிறதா? 1877இல் நட்ட கன்றுகளில் மிஞ்சியது. அதைச் சுற்றித்தான் திரும்புகிறோம். நம் தாத்தாக்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த மரத்துக்கு இப்போது நாங்கள் வாராவாரம் வலம் வருகிறோம் என்று தண்டல் மகன் சொல்கிறான். பிறகு பக்கத்துக் கடையில் ரொட்டி சானாயும் தே தாரேயும் வைத்துப் பசியாறுகிறோம். பயிற்சியில் எரித்தது அங்கேயே திரும்பி வந்துவிடுகிறது.

பையன்களில் இளையவனின் அம்மா முதலில் சம்மதிக்கவில்லை. 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் நள்ளிரவுக்குப் பின் நெடுஞ்சாலையில் சைக்கிள் ஓட்டிய பிள்ளைகள் எட்டுப் பேர் கார் மோதி இறந்தார்களே, அந்தச் செய்தியை அவர் மறக்கவில்லை. யார்தான் மறப்பார்கள்? வழிப்படத்தை விரித்து, எந்தச் சந்தியில் தடுப்பு, எங்கே போலீஸ் நிற்கும் என்று விரல் வைத்துக் காட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "எட்டு மணிக்கு எவனாவது தடுப்பைத் தள்ளிவிட்டு உள்ளே வந்தால்?" என்றார். எனக்குப் பதில் இல்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டார். தினமும் லோரிகளுக்கு நடுவே அவன் வேலைக்குப் போவதைவிட அந்தச் சாலை மேல் என்று அவரே கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

இப்போது உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். பதிவுப் பாரத்தில் "எதிர்பார்க்கும் நேரம்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் ஆட்களைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து, ஐந்து நிமிட இடைவெளியில் விடுவார்கள். முதல் தொகுதி 6.45க்கு, கடைசியான நான்காவது 7.00க்கு. ஆனால் யாராக இருந்தாலும் சாலையை மறுபடி வண்டிகளுக்குத் திறக்கும் நேரம் 9.30தான். எப்போது புறப்பட்டாய் என்று திறக்கிறவன் கேட்க மாட்டான். நாங்கள் தேர்ந்தது 40 கிலோமீட்டர் வழி. ஆசிரியை தனியாக ஓட்டினால் மணிக்கு 17. அப்படியென்றால் இரண்டு மணி இருபத்தொரு நிமிடம். கடைசித் தொகுதியில் மாட்டினால் கையில் மிஞ்சுவது ஒன்பது நிமிடம். ஒரு பஞ்சர் போதும், ஒன்பதும் போய்விடும்.

பையன்கள் ஒன்றரை மணி நேரம் என்று எழுதி முதல் தொகுதியில் நிற்கலாம் என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. வேகமானவர்கள் கூட்டமாகப் பாய்கிற இடத்தில் ஆசிரியையை நிறுத்திவிட்டு, இரு பக்கமும் உரசிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்துக் கும்பிடவா முடியும்? ஆளுக்கொரு நேரம் எழுதினால் ஆளுக்கொரு தொகுதி கிடைக்கும். அப்புறம் குழு எதற்கு?

நீ அறியாத கதை ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் இதே மாதிரி ஓர் ஓட்டத்தில் நான் தனியாக, வீறாப்பில், நூறு கிலோமீட்டருக்குப் பதிவு செய்தேன். எழுபதாவது கிலோமீட்டரில் பின்னால் டக், டக் என்று சத்தம். திரும்பினால் ஒரு லோரி. அதன் பின்புறம் உட்கார்ந்து இரண்டு பேர் ஆரஞ்சுக் கூம்புகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே வந்தார்கள். நான் நகர நகர எனக்குப் பின்னால் சாலை திறந்துகொண்டே வந்தது. கடைசியில் ஒருவர் மரியாதையாக, "ஏறிக்கொள்ளுங்கள், அண்ணே" என்றார். பின்தங்கியவர்களை ஏற்றிக்கொண்டு வரும் பஸ் அது. உள்ளே பத்துப் பன்னிரண்டு ஆண்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கையில் ஒரு தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தார்கள். அதைத் திறக்கவும் மனம் வரவில்லை. அந்த பஸ்ஸில் ஆசிரியை ஏறக் கூடாது. மற்றதெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம்.

அதனால் எட்டுப் பேருக்கும் ஒரே நேரம் எழுதப் போகிறேன்: இரண்டு மணி பத்து நிமிடம். பொய்யில்லை. போன வாரம் பையன்கள் இருவரும் முன்னால் காற்றை வாங்கிக்கொள்ள, ஆசிரியை அவர்கள் சக்கரத்தை ஒட்டியே வந்தார். சமதரையில் 20 போனார். முன்னால் போகிறவன் காற்றைக் கிழித்துத் தந்தால் பின்னால் வருகிறவருக்கு உழைப்பு மிச்சம். வேகம் கூடக் கூட அந்த மிச்சமும் கூடும். ஆனால் ஏற்றத்தில் இந்த வித்தை பலிக்காது. அங்கே ஒவ்வொருவரும் அவரவர் எடையை அவரவரே சுமக்க வேண்டும். பையன்கள் தங்களையறியாமல் முந்திவிடுகிறார்கள், இவர் பின்தங்குகிறார், இறக்கத்தில் விட்டதைப் பிடிக்கத் தடுமாறுகிறார்.

பஞ்சருக்கும் பயிற்சி நடக்கிறது. நம் பக்கத்துச் சாலையில் பஞ்சருக்குப் பாதிக் காரணம் செம்பனை மட்டையின் முள். கறுத்த சின்ன முள்; டயருக்கு வெளியே ஒரு புள்ளிதான் தெரியும். அதை எடுக்காமல் புது டியூபைத் திணித்தால் பத்து நிமிடத்தில் அதுவும் போய்விடும். டயரின் உட்புறம் முழுவதும் விரலை ஓட்டித் தடவ வேண்டும். ஆசிரியை தடவினார், விரலில் குத்தி ரத்தம் வந்தது. அப்போது இளையவன், "டீச்சர், 2011இல் மான்செஸ்டர் பந்தயத்தில் நம் மலேசிய சைக்கிள் வீரர் அசிசுல்ஹஸ்னி கெண்டைக்காலில் இருபது சென்டிமீட்டர் மரச்சிராய் குத்தி நிற்க, சைக்கிளில் ஏறி எல்லைக்கோட்டைத் தாண்டினார்" என்றான். ஆசிரியை அவனை ஒரு பார்வை பார்த்தார். "அவருக்கு மறுநாள் தேர்வுத்தாள் திருத்த வேண்டியிருந்ததா?" என்று கேட்டுவிட்டு மறுபடி தடவினார். இப்போது ஏழு நிமிடத்தில் மாற்றுகிறார்.

ஆகவே எனக்கு வேண்டியது பின்னால் ஓட்ட ஓர் ஆள். முந்தத் தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். உன் அப்பாவின் அந்தக் கறுப்புச் சைக்கிள் நினைவிருக்கிறதா? கேரியரில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை நகத்தால் உரித்து உருண்டை பிடிப்போம். கால் எட்டாமல் சட்டத்துக்குள் காலை நுழைத்து மிதித்த நாள்களில், கோயில் மேட்டில் நான் திணறினால் நீ ஓடி வந்து முதுகில் கை வைத்துத் தள்ளுவாய். ஒரு நாளும் நீ முதலில் மேலே ஏறியதில்லை. அந்தக் கைதான் வேண்டும்.

ஆனால் இரண்டு ஆண்டுக்கு முன் உனக்கு இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். பாரத்தில் உடல்நலம் பற்றிய உறுதிமொழி இருக்கிறது. அதில் மறைத்து எழுதாதே. உன் இதய மருத்துவரிடம் 40 கிலோமீட்டர், மணிக்கு 20, நடுவில் ஓர் ஏற்றம் என்று எண்களோடு கேள். "கொஞ்சம் சைக்கிள் ஓட்டலாமா" என்று கேட்டால் அவரும் தலையாட்டிவிடுவார். அவர் வேண்டாம் என்றால், முடிவுக்கோட்டருகே வாழைப்பழச் சீப்போடு நில். எட்டாவது ஆளாக வேறு யாரையாவது பிடிக்கிறேன், வருத்தமில்லை. சரி, கொஞ்சம் வருத்தம்தான்.

ஓட்டத்துக்கு முதல் நாள் மதியம் வேனில் கிளம்புகிறோம். சைக்கிள்கள் தண்டல் மகனின் சின்ன லோரியில். எண் அட்டையை முந்தைய நாளே வாங்க வேண்டும், காலையில் தரமாட்டார்கள். இரவு கிள்ளானில் உன் வீட்டில் எத்தனை பேர் படுக்கலாம் என்று உன் மனைவியிடம் கேட்டுச் சொல். நீயாக வாக்குக் கொடுத்துவிடாதே. புறப்படும்போது சரியாக விடிந்திருக்காது. முன்விளக்கும் பின்விளக்கும் கட்டாயம்.

பதிவு இம்மாதம் 28ஆம் தேதியோடு முடிகிறது. அதற்குள் உன் அடையாள அட்டை எண், ரத்த வகை, அவசரத்துக்கு அழைக்க ஒரு பெயர், சட்டையின் அளவு எல்லாம் அனுப்பு. சட்டையின் அளவை உண்மையாகச் சொல். உன் கல்யாணப் படத்தைப் பார்த்துச் சொல்லாதே.

அன்புடன்,
சேகர்

பி.கு.: உன் சைக்கிள் எத்தனை மாதமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று தெரியாது. டயரின் ஓரத்தை விரலால் அழுத்திப் பார். வெடிப்புத் தெரிந்தால் இப்போதே மாற்றிவிடு.