ரம்பொடை ஏற்றத்துக்கு ஒரு மூடி

திருகோணமலை

அன்பு மகளுக்கு,

பார்சலில உன்ர காரின்ர தண்ணி டாங்குக்கும் ரேடியேற்றருக்கும் மூண்டு மூடி இருக்கு. கருவாடு அம்மா வைச்சது. மூடிகளை வேற பையில கட்டித்தான் போட்டனான், நாறினால் என்னைப் பேசாதே. உன்ர மொரிஸ் மைனர் கார் கொதிக்கிற விசயத்தைப் போனில சொல்லி விளங்கப்படுத்த ஏலாது, அதுதான் எழுதிறன்.

நுவரெலியாவுக்குப் போற ரம்பொடை ஏற்றத்தில தண்ணி கொதிச்சுத் துப்பினதில அதிசயமில்லை. டொயோட்டா எஞ்சினை அந்தச் சின்னக் காருக்குள்ள இறக்கினால் எஞ்சின்ர தலை ரேடியேற்றரை விட உயரத்தில நிக்கும், காத்தும் அங்கதான் போய் அடைபடும். அதுக்குத்தான் உச்சியில ஹெடர் டாங்க், அதாவது எஞ்சினுக்கு மேல நிக்கிற சின்னத் தண்ணி டாங்க், வைக்கச் சொன்னன். வைச்சதும் சரி. ஆனா அதுக்குக் கராஜ்காரர் போட்டது அமுக்கம் பிடிக்காத சும்மா மூடி.

கணக்கைப் பார். இங்க கடற்கரையில தண்ணி 100 பாகையில கொதிக்கும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், அங்க ஏறக்குறைய 94 பாகையிலயே கொதிச்சிடும். சூடேறினால் தண்ணியை ரேடியேற்றருக்குத் திறந்து விடுற வால்வுதான் தேமோஸ்ரற். அது முழுசாத் திறந்து முடியவே அந்தச் சூடு வந்திடும், பிறகு எங்க தப்புறது? அமுக்கம் கூடினால் தண்ணி கொதிக்கக் கூடச் சூடு வேணும். 7 றாத்தல் மூடி, அதாவது சதுர அங்குலத்துக்கு 7 றாத்தல் அமுக்கத்தை உள்ள பிடிச்சு வைக்கிற மூடி, போட்டால் நுவரெலியாவிலயே 107 பாகை மட்டும் கொதிக்காது. கூலன்ட் கலந்தால் இன்னும் கொஞ்சம் தாங்கும்.

"15 றாத்தல் போடுங்கோ, பிறகு பிரச்சினையே வராது" எண்டு அந்தக் கராஜ் பெடியன் சொன்னானாம். கேக்காதே. உன்ர டாங்க் பித்தளைத் தகட்டுப் பெட்டி, மூலையெல்லாம் ஈயம் பத்த வைச்சது. அதின்ர பெரிய பக்கம் 8 அங்குலத்துக்கு 6, அதாவது 48 சதுர அங்குலம். 15 றாத்தல் மூடி எண்டால் அந்த ஒரு பக்கத்தை மட்டும் 720 றாத்தல் பாரம் வெளிய தள்ளும், 320 கிலோவுக்கு மேல. தட்டைத் தகடு வயிறு ஊதி ஈயம் விட்டுடும். உருளை டாங்க் எண்டால் வேற கதை. அது தாங்கினாலும் உன்ர பழைய ரேடியேற்றர் தாங்காது. மூடியைத் தெரிவு செய்யிறது எது நலிஞ்சதோ அதைப் பாத்துத்தான். 7 போதும்.

இன்னொண்டு, மூடி சூட்டைக் குறைக்காது. கொதிக்கிறதைத் தள்ளி வைக்கும், அவ்வளவுதான். 7 றாத்தல் போட்ட பிறகும் ஊசி மேல மேல போனால் ரேடியேற்றர் அடைச்சிருக்கு, இல்லாட்டி ஃபான் காத்து இழுக்கேல்லை. அப்ப பெரிய மூடி தேடாமல் அதைப் பார்.

மூண்டில ரெண்டு 7 றாத்தல். ஒண்டு முக்கால் அங்குலம் ஆழம், மற்றது ஒரு அங்குலம். டாங்கின்ர கழுத்து விளிம்பில இருந்து உள்ளுக்க மூடியின்ர றப்பர் போய் இருக்கிற வளையம் மட்டும் அடிமட்டத்தால அளந்து பார்த்துப் பொருந்துறதைப் போடு. ஆழம் கூடின கழுத்தில கட்டை மூடியைப் போட்டால் ஸ்பிரிங் அமுங்காது, பூட்டினது போலத்தான் இருக்கும், அமுக்கம் ஒண்டும் நிக்காது. வளையத்தில மெல்லிசா கிறீஸ் தடவி, மூடியை இறுக்கித் திருப்பிக் கழட்டு. றப்பரில வட்டம் முழுசா விழுந்திருக்க வேணும். ஒரு இடம் விட்டிருந்தால் கழுத்தைப் பத்த வைச்சவன் அதை நெளிச்சிருக்கிறான், மூடியில பிழை இல்லை.

ஸ்பிரிங் இல்லாத மூண்டாவது மூடி ரேடியேற்றருக்கு. அமுக்க மூடி ஒரு இடத்திலதான், அதுவும் உச்சியில. ரேடியேற்றரில பழையதையும் விட்டு வைச்சால் ரெண்டில எது இளகினதோ அது முதல்ல திறந்து தண்ணியை ரோட்டில விட்டுடும்.

டாங்கின்ர அடியில இருந்து போற தடிச்ச ஹோஸ் பம்பு உறிஞ்சிற பக்கத்துக்குப் போகுதா எண்டும் பார். தேமோஸ்ரற்றுக்கு மேலயிருந்தும் ரேடியேற்றர் உச்சியில இருந்தும் வாற மெல்லிய ஹோஸ்கள் டாங்கில தண்ணி மட்டத்துக்கு மேல சேர வேணும், காத்து வெளிய வாறது அதால. குளிர்ந்திருக்கேக்க பாதி டாங்க் தண்ணி போதும், சூட்டில விரிய இடம் வேணுமே. இங்க வந்தால் வீட்டுக் கிணத்துச் சவர்த் தண்ணியை அதுக்குள்ள ஊத்தாதே, பற்றரிக்கு விடுற தண்ணியையும் கூலன்டையும் சரிபாதியாக் கலந்து விடு. சூடா இருக்கேக்க மூடியில கை வைக்காதே. அவசரமெண்டாலும், பின்னால பஸ்காரன் ஹோர்ன் அடிச்சாலும்.

போட்டு ஓடின அடுத்த நாள் காலமை பொனற்றைத் திறந்து மேல் ஹோஸைப் பார். சப்பையாக் கிடந்தால் மூடிக்கு நடுவில இருக்கிற சின்னப் பித்தளை வால்வு ஒட்டியிருக்கு. எஞ்சின் குளிரேக்க வெளிக் காத்தை உள்ள விடுறது அதுதான். நகத்தால ஒருக்கா இழுத்து விடு, தானாத் திரும்பி இருந்தால் சரி. இல்லாட்டி அதை எறிஞ்சிட்டு எனக்குச் சொல்லு, வேற ஒண்டு பஸ்ஸில போட்டு விடுறன்.

அன்புடன்,
அப்பா