பெர்க்லி–ஸ்டான்ஃபோர்டு கோடரி: சில திருத்தங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கலிபோர்னியாவின் பெர்க்லி, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகங்கள் மோதும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் பற்றிய உங்கள் விளையாட்டுப் பக்கக் கட்டுரை சுவையாக இருந்தது. ஆனால் வெல்லும் அணிக்கான பரிசு, நீங்கள் எழுதியதுபோல் வெள்ளிக் கோப்பை இல்லை. மரம் வெட்டும் கோடரியின் இரும்பு அலகு. பலகையில் பதித்திருப்பார்கள், பிடி கிடையாது. 1899-ல் பேஸ்பால் ஆட்டம் ஒன்றில் எதிரணியின் நீல, தங்க நிற ரிப்பன்களை வெட்டிக் காட்ட ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் அதைக் கொண்டுவர, பெர்க்லிக்காரர்கள் பறித்துக்கொண்டு ஓடினார்கள். முழுக் கோடரியை மேலங்கிக்குள் மறைக்க முடியுமா? சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கறிக்கடையில் பிடியை அறுத்துப் போட்டுவிட்டு, அலகோடு படகேறினார்கள். அப்புறம் வங்கிப் பெட்டகம். 1930-ல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 21 பேர், சிலர் பத்திரிகைப் புகைப்படக்காரர் வேடத்தில் போய், அதை மீட்டார்கள். இப்படியே திருடிக்கொண்டிருந்தால் கட்டுப்படியாகாது என்று 1933-ல் இரு தரப்பும் பேசிச் சுழற்பரிசாக்கின.

சமநிலை என்றால் ஆளுக்கு ஆறு மாதம் என்பதும் தவறு. யார் கையில் இருக்கிறதோ அவர்களிடமே இருக்கும். 1988-ல் 19-19 என முடிந்தபோது, முந்தைய ஆண்டு வென்ற ஸ்டான்ஃபோர்டே வைத்துக்கொண்டது. 1996-ல் கூடுதல் நேரம் வந்தபின் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

1982 ஆட்டத்தைக் 'கடைசி நொடி அதிர்ஷ்டம்' என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். அது கணக்குப் பிசகு. 8 நொடி மிச்சமிருக்கும்போதே கடிகாரத்தை நிறுத்தி ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்துப் பெறும் புள்ளிகள்) அடித்தது ஸ்டான்ஃபோர்டு, 20-19. இன்னும் 4 நொடி ஓடவிட்டிருந்தால் அந்த உதையோடு ஆட்டம் முடிந்திருக்கும். போதாக்குறைக்கு, மைதானத்தில் புகுந்து கொண்டாடியதற்கு 15 கெஜம் அபராதம். ஆட்டத்தைத் தொடர எதிரணிக்குப் பந்தை 40-ம் கெஜக் கோட்டுக்குப் பதில் 25-லிருந்து உதைக்க வேண்டியதாயிற்று. ஆட்டத்தில் பந்து இருக்கும்வரை நேரம் தீர்ந்தாலும் ஆட்டம் முடியாது. பின்னோக்கி எத்தனை முறையும் கைமாற்றலாம். பெர்க்லி 5 முறை மாற்றியது. ஆட்டம் முடிந்ததென்று உள்ளே வந்துவிட்ட ஸ்டான்ஃபோர்டு பேண்டு வாத்தியக்காரர்களுக்கு நடுவே பாய்ந்து கெவின் மோவன் எல்லையைத் தொட்டார். 25-20.

இடையில் பந்து வைத்திருந்த ஒருவரின் முழங்கால் தரையில் பட்டதா (பட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும்), கடைசிக் கைமாற்றம் முன்னோக்கிப் போனதா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. அது பலகையிலும் தெரியும். அதில் ஆண்டுவாரியாக முடிவுகள் பொறித்திருக்கும். கோடரி ஸ்டான்ஃபோர்டுக்குப் போனால் 1982-க்கு நேரே 20-19 ஏறும். பெர்க்லிக்குத் திரும்பியதும் 25-20 ஆகும். அதிகாரப்பூர்வப் பதிவு 25-20 மட்டுமே. ஆகவே, நீங்கள் வெளியிட்ட படத்தில் 20-19 என்று இருப்பது பிழையல்ல. படம் எடுத்தபோது கோடரி ஸ்டான்ஃபோர்டிடம் இருந்திருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவை