தோட்டத்து விளக்கு பற்றி, பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் நலம். புது வீட்டுப் போட்டோக்களை அம்மா தெரு முழுக்கக் காட்டி முடித்துவிட்டாள். செம்பருத்தி அடியில் விளக்கு எரிவது அழகாகத்தான் இருக்கிறது. நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிட்அவுட் பிளக்கிலிருந்து ஒரு வெள்ளை வயர் ஜன்னல் வழியாக இறங்கி, செடி அடியில் இன்னொரு வயரோடு சேர்கிறது. சேர்ந்த இடத்தில் கறுப்பு டேப். போனில் சொன்னால் "சரிப்பா, பாத்துக்கறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதல் வேலையாக ஸ்விட்சை அணைத்து அந்தப் பிளக்கைக் கழற்றிவிடு. டேப் வீட்டுக்குள் போடுவதற்குத்தான். கோவை வெயிலில் பசை இளகி, கொஞ்ச நாளில் வாய் பிளந்துவிடும். ஐப்பசி மழையில் அங்கே தண்ணீர் நிற்கும். பேரன் செருப்பில்லாமல் ஓடுவதும் அதே இடத்தில்தான், அதே போட்டோவில் பார்த்தேன்.

அம்மாவுக்குத் தெரியும், உனக்குச் சொன்னதில்லை. 1997-ல் ஒரு கல்யாண வீட்டுக்குத் தோட்ட விளக்கு போட்டேன். சாயங்காலம் மழை பிடித்ததும் ட்ரிப்பர் (கரன்ட் ஒழுகினால் லைனைத் தானாகக் கட் பண்ணும் சின்னப் பெட்டி) விழ ஆரம்பித்தது. தூக்கிவிட்டால் மறுபடியும் விழும். விழும்போதெல்லாம் தோட்டத்தோடு பந்தலும் இருட்டாகிவிடும். மாப்பிள்ளை அழைப்பு நேரம், வீட்டுக்காரர் சத்தம் போட்டார். நானும் ட்ரிப்பரைத் தாண்டி டைரக்ட் பண்ணிவிட்டேன். விளக்கெல்லாம் ஜோராக எரிந்தது. விடியற்காலையில் எச்சில் இலை தின்ன வந்த ஆடு ஒன்று இரும்பு விளக்குக் கம்பத்தில் உரசி அங்கேயே விழுந்துவிட்டது. விளக்குக்குள் தண்ணீர் இறங்கி, பேஸ் வயரில் வருகிற கரன்ட் கம்பத்துக்கு வந்திருக்கிறது. கம்பத்துக்கு எர்த் வயர் இருந்தது, துருப்பிடித்த போல்ட்டில் சும்மா தொங்கிக்கொண்டு. முந்தின நாள் மழைக்கு முன்னால் குழந்தைகள் அந்தக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டுதான் சுற்றி விளையாடினார்கள். ஆட்டுக்காரம்மாவுக்கு 800 ரூபாய் கொடுத்தேன். அதற்கப்புறம் நான் ஒரு ட்ரிப்பரையும் டைரக்ட் பண்ணியதில்லை.

ட்ரிப்பர் என்ற அந்தச் சின்னப் பெட்டி செய்யும் வேலை இதுதான்: பேஸில் போகிற கரன்ட் நியூட்ரலில் அப்படியே திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வழியில் எங்கேயோ ஒழுகினால் கண் இமைக்கும் நேரத்தில் கட் பண்ணிவிடும். லோடு கூடினாலோ ஷார்ட் ஆனாலோ மட்டும் விழும் எம்.சி.பி. ஸ்விட்சுக்கு அது தெரியாது. பழைய 40 வாட் குண்டு பல்பு 170 மில்லி ஆம்பியர் எடுக்கும். உயிரை வாங்க அதில் பாதிகூடப் போதும். 6 ஆம்பியர் எம்.சி.பி. அதை ஒரு பல்பு எரிவதாக நினைத்துச் சும்மா இருக்கும்.

ஆகவே, தோட்டத்துக்குத் தனி லைன். வீட்டு லைன்களெல்லாம் பிரியும் டி.பி. பாக்ஸில் அதற்கென்று ஒரு 6 ஆம்பியர் எம்.சி.பி., தனியாக ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (நான் ட்ரிப்பர் என்றது இதைத்தான்) வேண்டும். தனியாக ஏன் என்றால், மழைக்குத் தோட்டம் விழுந்தாலும் ஃபிரிட்ஜும் ஃபேனும் ஓடும். வீடு இருட்டானால்தான் "இன்னிக்கு ஒரு நாள் டைரக்ட் பண்ணிடுங்க" என்று வாய் வரும். அந்தப் பேச்சுக்கே இடம் இல்லாமல் செய்துவிடு. தோட்டத்து நியூட்ரலும் அந்த ஆர்.சி.சி.பி. வழியாகத்தான் திரும்ப வேண்டும். ஹால் நியூட்ரலோடு சேர்த்து முறுக்கிவிட்டால் ஒழுக்கே இல்லாமல் விழுந்துகொண்டிருக்கும், அப்புறம் பொருள் மட்டம் என்பார்கள். மாதம் ஒரு தடவை அதில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார். விழவில்லை என்றால் மாற்றிவிடு.

நடைபாதை விளக்கெல்லாம் 12 வோல்ட் எல்.ஈ.டி. வாங்கு. டிரான்ஸ்பார்மரைச் சிட்அவுட்டுக்குள் நனையாத இடத்தில் மாட்டினால், செடி நடுவில் ஓடுவது 12 வோல்ட் மட்டும்தான். மண்வெட்டி பட்டாலும் விளக்கு அணையும், அவ்வளவுதான். ஒரு கஷ்டம் உண்டு. 5 வாட் விளக்கு எட்டு என்றால் 12 வோல்ட்டில் 3.3 ஆம்பியர் ஓடும். 20 மீட்டர் தள்ளி, ஒன்றரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயரில் கொடுத்தால் ஒன்றரை வோல்ட் வழியிலேயே போய்விடும், வெளிச்சம் மங்கும். நாலு ஸ்கொயர் போடச் சொல், இல்லையென்றால் இரண்டு பக்கமாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்.

கேட் தூண் விளக்கு இரண்டுக்கு மட்டும் 230 வோல்ட் போகட்டும். அதற்கு மூணு கோர் ஆர்மர்டு கேபிள் (இரும்புக் கம்பி உறை போட்டது), இரண்டரை அடி பள்ளம், கீழே மணல், கேபிளுக்கு மேலே மணல், அதற்கு மேல் ஒரு வரிசை செங்கல். நாளைக்குத் தென்னங்கன்று வைக்கத் தோண்டுகிறவனுக்கு முதலில் செங்கல் தட்டுப்பட வேண்டும். மூடுவதற்கு முன்னால் அளவு டேப் பிடித்து, சுவரிலிருந்து எத்தனை அடி என்று தெரியும்படி போட்டோ எடுத்து வை. மண்ணுக்குள் ஜாயிண்ட் கூடவே கூடாது.

தூசியும் பீய்ச்சும் தண்ணீரும் உள்ளே போகாது என்பதற்கு விளக்கு அட்டையில் ஐ.பி. 65 என்று போட்டிருக்கும். கேபிள் நுழையும் வாயில் இருக்கும் கிளாண்டு நட்டை இறுக்காவிட்டால் அந்த நம்பருக்கு அர்த்தம் இல்லை. தண்ணீருக்கு முன்னால் எறும்பு போகும். நான் திறந்த பெட்டிகளில் பாதியில் எறும்புப் புற்றும் பல்லி முட்டையும்தான்.

மாப்பிள்ளை வீடியோ பார்த்துத் தானே செய்கிறேன் என்றாராம். குழி வெட்டட்டும், பைப் போடட்டும். டி.பி.க்குள் கை வைப்பது லைசென்ஸ் உள்ள வயர்மேன் வேலை. நான் சொன்னதாக நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

டி.பி. பாக்ஸ் மூடியைக் கழற்றாமல், கதவை மட்டும் திறந்து ஒரு போட்டோ அனுப்பு. எர்த் வயர் மண்ணில் இறங்கும் குழி, எர்த் பிட், எங்கே இருக்கிறது என்றும் கேட்டு வை, கோடையில் அதில் தண்ணீர் ஊற்ற வேண்டும். புரட்டாசிக் கடைசியில் நான் வருகிறேன். வயர் உறையில் ஒழுக்கு இருக்கிறதா என்று பார்க்கும் மெக்கர் கருவியை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன், புது கேபிளை அதில் பார்த்துவிட்டுத்தான் கரன்ட் கொடுப்பது.

அம்மா செம்பருத்தியை ரொம்ப வெட்டாதே என்கிறாள். கீழ்க்கிளையை மட்டும் கழித்துவிடு, விளக்குக்கு இடிக்கிறது.

அன்புடன்
அப்பா