இளையர் விசாரணை: கேட்கும் விதத்திலும் பயிற்சி தேவை

ஆசிரியருக்கு,

இளையர்களை விசாரிக்கும் காவல்துறை அதிகாரிகளுக்குச் சட்டப் பாடம் மட்டும் போதாது. “புரிந்ததா?” என்று கேட்டால் 14 வயதுப் பிள்ளை தலையாட்டிவிடும், சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டுமே! சொன்னதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்லவைப்பதே சரி. ஒரு நேரத்தில் ஒரே கேள்வி; பிறகு 10 விநாடியாவது பொறுமை. “நீதானே எடுத்தாய்?” என்று பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்தால் வாக்குமூலத்தின் நம்பகமே கெடும். கண்ணைப் பார்க்காததைத் திமிராக எண்ணுவதும் தவறு. பெரியவர் கண்டிக்கும்போது தலைகுனிவதுதானே நம் வீடுகளில் மரியாதை!

2017ல் சிங்கப்பூரின் பிடோக் வட்டாரத்தில் தொடங்கிய திட்டத்தின்படி, இளம் சந்தேக நபர்களுடன் பயிற்சிபெற்ற தொண்டூழியர் அமர்கிறார். அவரையும் அதிகாரியையும் ஒன்றாக, விசாரணையை நடித்துப் பார்க்கும் பயிற்சியில் ஈடுபடுத்த வேண்டும். அதைப் படம்பிடித்துப் பார்த்தால், எந்தக் கேள்வியில் பிள்ளையாக நடித்தவர் வாயடைத்துப்போனார் என்பது உடனே பிடிபடும்.

இளையர் நலத் தொண்டூழியர்கள்,
உட்லண்ட்ஸ்