மாத்திரையின் பெயரைக் கேட்டிருந்தாய்

கிருஷ்ணகிரி,
ஜூன் 14

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பாலக்கோட்டில் தக்காளி இந்த முறையாவது வண்டிக்கூலி போகக் கையில் நிற்கிறது என்று எழுதியிருந்தாய். நிம்மதி. என் பதில் தாமதமானதற்குக் காரணம் பிடரி. குனிந்து எழுத முடியவில்லை.

சித்திரைக் கடைசியில் மாங்காய் பறிக்கும்போது பிடரியில் பால் பட்டுப் புண்ணானது. சொறிந்தேன். ஒரு வாரத்தில் ராஜபிளவை என்னும் பெரிய சீழ்க்கட்டி. எனக்குத்தான் சர்க்கரை இருக்கிறதே, அதற்கு வெற்றிலை பாக்கு வைத்தா அழைக்க வேண்டும்? வழக்கம்போல மருந்துக்கடையில் கட்டிக்கு, பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் மாத்திரை கேட்டு வாங்கினேன். வலி சற்றுக் குறைந்ததும் மீதியைப் பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டேன். அடுத்த வாரம் கழுத்தைத் திருப்ப முடியாமல், காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.

டாக்டர் கட்டியைக் கீறிச் சீழை எடுத்து, அதில் கொஞ்சத்தை, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் தாள் வந்தது. ஒரு பக்கம் மருந்துகளின் பெயர், எதிரே ஒற்றை எழுத்து. எஸ் என்றால் கேட்கும், ஆர் என்றால் கேட்காது. பத்தாம் வகுப்பில் உன் கணக்கு விடைத்தாளில் சிவப்புப் பெருக்கல் குறிகள் வரிசையாக இறங்குமே, அப்படி மேலிருந்து ஆர், ஆர், ஆர். நான் விழுங்கியதும் அந்த வரிசையில்தான் இருந்தது. எஸ் வாங்கிய சிலவற்றில் ஒன்று, நரம்பில் ஏற்றும் வான்கோமைசின்.

கிருமியின் பெயர் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ். பத்துப் பேரில் மூன்று பேரின் மூக்கில் தொந்தரவு செய்யாமல் குடியிருக்குமாம். 1928-இல் விஞ்ஞானி ஃபிளெமிங் முதல் ஆன்டிபயாடிக்குகளில் ஒன்றான பெனிசிலினைக் கண்டதே, இந்த இனக் கிருமி வளர்ந்த தட்டில் பூஞ்சை விழுந்ததால்தான். பெனிசிலினுக்கு அது அடங்காமல் போனதும் 1959-இல் மெதிசிலின் என்ற மருந்து வந்தது. 1961-இலேயே அதையும் மீறிய வகை இங்கிலாந்தில் தென்பட்டது. இரண்டே வருடம்! அதைத்தான் எம்.ஆர்.எஸ்.ஏ. என்கிறார்கள். வெகுகாலம் ஆஸ்பத்திரிக்குள் சுற்றிக்கொண்டிருந்தது, 1990-களிலிருந்து ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காதவர்களிடமும் பரவலாகத் தென்படுகிறது. கை, துண்டு, சவரக்கத்தி எதுவானாலும் அதற்கு வாகனம்.

பக்கத்துக் கட்டில் பெரியவரின் புண்ணைத் துடைத்த கையோடு ஒரு பையன் என் கட்டைப் பிரிக்க வந்தான். சிஸ்டர் ஒன்றும் பேசவில்லை; கை கழுவும் தொட்டியை விரலால் காட்டினார். பையன் தலையைக் குனிந்துகொண்டு போய்க் கழுவிவிட்டு வந்தான். எனக்கும் குனியத் தோன்றியது, பிடரி விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தேன். பாதி தின்ற அட்டைகள் பதினொன்று. பலவற்றின் முதுகில் சிவப்புக் கோடு; சீட்டில்லாமல் சாப்பிடாதே என்று அர்த்தம். பேத்தியின் சளிக்குக்கூட இதிலிருந்துதான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். சளி பெரும்பாலும் வைரஸ், அதை இந்த மாத்திரை தொடாது. ஆனால் உடம்பில் சும்மா இருக்கும் கிருமிகளில் எளியவற்றைக் கொன்று, முரடர்களுக்கு இடம் ஒழித்துக் கொடுக்கும். நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தியவன் செய்த காரியம் இது.

உன் மகன் தொடையில் கட்டி, எனக்குக் குணமான மாத்திரையின் பெயரை எழுது என்று கேட்டிருந்தாய். எழுத மாட்டேன். கோபித்துக்கொள். நாளைக்கே தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போ. கீறிச் சீழை வெளியேற்றினாலே பல கட்டிகள் ஆறிவிடும் என்கிறார் டாக்டர். அதுவரை யாரும் பிதுக்க வேண்டாம். அவன் துண்டைத் தனியாக வைக்கும்படி தங்கச்சியிடம் சொல்.

மல்கோவா ஒரு கூடை பஸ்ஸில் போட்டு அனுப்புகிறேன். காம்பு கிள்ளும்போது பால் படாமல் பார்த்துக்கொள்.

உன்,
சின்னசாமி